ஓசி ருசி

"கிம்ச்சி போடறது ஞாயித்துக்கிழமைன்னு மாடி வீட்டு ஹேரான் அக்காகிட்ட போன்ல சொல்லிட்டேன்" என்றாள் சோரா.

காலைச் சாப்பாட்டில் சூப்பை உறிஞ்சிக்கொண்டிருந்த கணவன் தோங்ஹூன் நிமிர்ந்தான். "இன்னைக்குச் சனிக்கிழமை. இன்னைக்குத்தானே போடறீங்க?"

"அதான்!"

அவன் புரியாமல் முழித்தான்.

"வருஷா வருஷம் பாக்கறேன். அறுபது கோஸையும் பிளந்து உப்புல ஊறப்போட்டது யாரு? நானு. குளிர்ல விரல் விறைக்க அலசுனது யாரு? நானும் சுன்தோக் அக்காவும். மாடி வீட்டு மகாராணி மட்டும் மசாலா கலக்கற நேரத்துக்குச் சரியா இறங்கி வருவாங்க. ஒரு வாய் வழிச்சு, 'உப்பு கம்மி.' இன்னொரு வாய், 'இஞ்சி தூக்கல்.' அப்புறம் வெந்த பன்னிக்கறியோட ஒரு கட்டு கட்டிட்டு, மூணு டப்பா ரொப்பிக்கிட்டு மேல போயிடுவாங்க."

"சுன்தோக் அக்கா ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

"அவங்க வாயில்லாப் பூச்சி! சந்தையில அவங்க தொடுகறிக் கடைக்கும் தினம் போய், ஒவ்வொரு சட்டியிலயும் ஓசியில வழிச்சு நக்குதாம் அந்தம்மா. கூன்சான் ஊரே சிரிக்குது. ஒரு வாரமா புசான்ல மக வீட்டுலதானே இருக்காங்க, இந்தத் தடவை அங்கயே உக்காந்து உப்பு பாக்கட்டும்!"

கீழே, குடியிருப்பின் பின்பக்கத்தில் அலசிய கோஸ் தண்ணீர் வடிந்து மலையாகக் கிடந்தது. முள்ளங்கி, மிளகாய்த்தூள், பூண்டு எல்லாம் பெரிய தொட்டியில் தயார். சுன்தோக் மட்டும் கையுறையை மாட்டுவதும் கழற்றுவதுமாக வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, கலக்கலாமா?"

"ஹேரான் வரட்டும்டி."

கால் மணி நேரம் போனது.

"அக்கா..."

"இருடி, வந்துடுவா."

சோராவுக்குப் பொறுக்கவில்லை. "வரமாட்டாங்க. நான்தான் நாளைக்குன்னு சொல்லி வெச்சேன்."

திட்டு விழும் என்று காத்திருந்தாள். விழவில்லை. சுன்தோக்கின் முகம் மட்டும் வெளுத்துப்போயிற்று.

"அடிப்பாவி" என்றாள் மெல்ல.

"ஏன்க்கா, அவங்க இல்லாட்டா நமக்குக் கிம்ச்சி போட வராதா? முப்பது வருஷமா கடை வெச்சிருக்கீங்க!"

"வரும்... வராம என்ன..."

சுன்தோக் மீன் சாற்றை ஊற்றினாள். நிறுத்தி, யோசித்து, இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். உப்பிட்ட இறாலில் ரெண்டு கரண்டி அள்ளிப் போட்டாள். கலந்து, ஒரு விரல் வழித்து வாயில் வைத்துச் சப்புக்கொட்டினாள்.

"பிரமாதம்!"

சோராவும் ஒரு கோஸ் இலையில் மசாலாவைச் சுருட்டி வாயில் போட்டாள். அடுத்த நொடி குழாயடிக்கு ஓடித் துப்பினாள்.

"அக்கா! கடலைக் குடிச்ச மாதிரி இருக்கு! இதைப் போய்ப் பிரமாதம்ங்கறீங்க?"

சுன்தோக் இன்னொரு விரல் வழித்து வாயில் வைத்தாள். முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை.

வாயைத் துடைத்துக்கொண்டிருந்த சோராவின் கை அப்படியே நின்றது.

"அக்கா... உங்களுக்குக் கரிக்கலையா?"

சுன்தோக் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, கவிழ்த்து வைத்திருந்த வாளிமேல் உட்கார்ந்தாள்.

"ஒரு வாரமா முழங்கால் வலின்னு கடையைச் சாத்தி வெச்சிருக்கேனே, முழங்காலுக்கு ஒண்ணும் இல்லடி. மூணு வருஷம் முன்னாடி எனக்கு ஒரு காய்ச்சல் வந்துச்சு பாரு, அதோட உப்பு எது, இனிப்பு எதுன்னு என் நாக்குக்குத் தெரியாது. வெளிய தெரிஞ்சா எவ என் கடைப்படி ஏறுவா?"

சோரா ஈரக் கையோடு அவள் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"அன்னையிலேர்ந்து எல்லாத்துக்கும் உப்பு பாக்கறது ஹேரான்தான். உன் பேரு கெடுதேடின்னு அவகிட்ட எத்தனையோ தடவை சொல்லிட்டேன். 'என்னை ஓசித்தீனின்னு ஊரே சிரிச்சுட்டுப் போகட்டும், உன் நாக்கைப் பத்தி மட்டும் ஒருத்தரும் பேசக்கூடாது'ன்னுட்டா."