தண்டம் கேட்காதவர்கள்

டாஸ்மாக் கடைக்குக் கண்ணை மூடிக்கொண்டே போகத் தெரிந்த காயாரோகணம், குடியை நிறுத்துகிறவர்களின் கூட்டத்துக்கு வழி கேட்கக் கூசி, நாகப்பட்டினத்தின் தெருக்களைச் சுற்றிவிட்டு, டைப்ரைட்டிங் வகுப்பின் மாடிக்கு இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறான். இன்றைக்கும் போகாமல் திரும்பினால் மனைவி ஜெயா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்விடுவாள். உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆண்கள் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். மின்விசிறி கடகடக்கிறது. சாய்ந்த வெயில் சிமெண்டுத் தரையில் மஞ்சளாகக் கிடக்கிறது. அவனுக்குத் தெரிந்த வட்டம் ஒன்றுதான்: கடற்கரையில் மீனவத் தலைவர்களான நாட்டார் கூடும் ஊர்ப் பஞ்சாயத்து. குடித்துக் கலாட்டா செய்தவன் அங்கே நெடுஞ்சாண்கிடையாக விழுவான், தண்டம் கட்டுவான், அன்றோடு விவகாரம் தீரும். அவனும் தோள்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அப்படியே விழுகிறான். கன்னத்தில் தரை சுடுகிறது.

"தண்டம் என்னன்னு சொல்லுங்க. கட்டிடுறேன்."

நாற்காலி ஒன்று கிரீச்சிடுகிறது. ஒருகாலத்தில் அவனோடு குடித்த துணிக்கடை மீரா சாகிப் பக்கத்தில் வந்து குந்துகிறார்.

"எந்திரிங்க தம்பி. இங்க நாட்டாரும் இல்ல, தண்டமும் இல்ல. எல்லாம் ஒரே கேஸுதான்."

"அப்ப இது எப்படி பாய் முடியும்?"

"முடியாது. நாளைக்கும் வரணும், நாளன்னைக்கும் வரணும்."

காயாரோகணம் தரையில் கையை ஊன்றுகிறான். தண்டம் கட்டிய நாளெல்லாம் பொழுது சாய்ந்ததும் மறுபடி குடித்திருக்கிறான். யாரோ அவனுக்காக ஒரு நாற்காலியை இழுத்துப் போடுகிறார்கள். விழுவது அவனுக்குப் பழக்கம். அந்த நாற்காலியில் எப்படி உட்காருவது என்றுதான் தெரியவில்லை.