வேன்காரரின் கன்வெர்ட்டர்

வாஷிங் மெஷினுக்குப் பின்னால் விழுந்த சாக்ஸை எடுக்கக் கை விட்டாள். கனமாக ஏதோ தட்டுப்பட்டது. வெளியே இழுத்து, அதைச் சுற்றியிருந்த சாக்கைப் பிரித்தாள்.

நடுவில் உப்பிய இரும்பு. இரண்டு பக்கமும் குழாய். ரம்பத்தால் அறுத்த பளபளப்பு அப்படியே இருந்தது. அதன்மேல் கீழ்வீட்டு ஸ்கூல் வேனின் நம்பர் பொறித்திருந்தது.

நேற்று காலையிலிருந்து தெருவே இதைத்தானே பேசுகிறது! வேனைக் கிளப்பினால் லாரி மாதிரி உறுமல். குனிந்து பார்த்தால், புகையை வடிகட்டுகிற கன்வெர்ட்டரைக் காணோம். பழைய இரும்புக் கடையில் அதற்கு நல்ல விலையாம். எவனோ கணக்காக அறுத்துக்கொண்டு போய்விட்டான். வேன் ஓடாவிட்டால் வேன்காரர் வீட்டில் அடுப்பு எரியாது. "போலீஸ்ல சொல்லியாச்சு. இன்னைக்கு வர்றாங்க" என்று காலையில்கூடப் புலம்பிவிட்டுப் போனார், பாவம்.

அவள் புருஷன் வெல்டர். ரம்பம் இருக்கிற வீடு அந்தத் தெருவிலேயே இது ஒன்றுதான்.

"என்னங்க, இது எப்படி இங்க வந்துச்சு?"

சட்டை மாட்டிக்கொண்டிருந்தவன் திரும்பினான். முகத்தில் ஈயாடவில்லை.

"மெதுவாப் பேசு. மாமா காதுல விழப்போகுது."

"நீங்கதான் எடுத்தீங்களா?"

அவன் குனிந்து சட்டைப் பொத்தானைப் போட்டான்.

"ஐயோ, சொல்லித் தொலைங்களேன்!"

"ஆமா, நான்தான். போதுமா? நேத்தே திரும்பப் பத்தவெச்சிருப்பேன், வேன்காரர் வண்டியை ஸ்டேஷன்ல காட்ட எடுத்துட்டுப் போயிட்டார். பட்டறைக்குப் போய் வெல்டிங் மெஷினை எடுத்துட்டு வந்து இன்னைக்கு வெச்சுக் கொடுத்துடறேன். அதுவரைக்கும் மூச்சு விடாதே."

அடுத்த கேள்விக்கு நிற்காமல் படி இறங்கிவிட்டான்.

கூடத்தில் அவள் அப்பா பேப்பருக்கு மேலே கண்ணைத் தூக்கினார். பஸ் டிப்போவில் ஃபோர்மேனாக இருந்து ரிட்டையராகி, மகளோடு இருக்கிறவர். நேர்மை என்றால் அவர்தான். வேறு யாரும் சொல்லாவிட்டாலும் அவரே சொல்லிவிடுவார்.

"என்னம்மா, உன் புருஷன் திருட்டு முழி முழிச்சுக்கிட்டு ஓடறான்? தெருவுல ஆளுக்கு ஒண்ணு பேசறாங்க. நான் எதுவும் சொல்லலைப்பா."

போலீஸ் வரும். வீட்டைப் புரட்டும். தெருவே பார்க்கப் புருஷனை ஜீப்பில் ஏற்றும். அப்புறம் எவன் வேலை கொடுப்பான், எவள் முகம் கொடுத்துப் பேசுவாள்? பத்தவைக்கிறானாம், பத்த! அதற்குள் வந்துவிட்டால்?

இது வீட்டில் இருக்கவே கூடாது.

காய்கறிப் பையில் போட்டு, மேலே பழைய துண்டைத் திணித்துக்கொண்டு இறங்கினாள். படியடியில் வேன்காரர் மனைவி.

"என்ன அண்ணி, இவ்வளவு கனமா?"

"பழைய... பழைய மிக்ஸி. ரிப்பேர்."

மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். அவளுக்குக் கையிலேயே கனம். பின்னால் வந்த ஒவ்வொரு வண்டியும் போலீஸ் வண்டியாகத்தான் கேட்டது. தெருமுனையில் யாரோ விசிலடித்ததும் பையை அப்படியே சாக்கடையில் போட்டுவிட்டு ஓடலாமா என்றிருந்தது.

இரும்புக் கடைக்காரர் பழைய பேட்டரிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். சாமானை வெளியே எடுத்தார். நம்பர்மேல் கட்டைவிரலை ஓட்டினார்.

"எந்த வண்டியோடதும்மா?"

"எங்க வண்டிதாண்ணே. பழசாயிடுச்சு. நீங்க கொடுக்கறதைக் கொடுங்க."

அவர் உள்ளங்கையால் நம்பரை மூடினார்.

"நம்பரைச் சொல்லு பார்ப்போம்."

ஒரு எழுத்துகூட ஞாபகம் வரவில்லை. கண்ணீர்தான் வந்தது.

"அண்ணே, கால்ல விழறேன். போலீஸுக்கு மட்டும் சொல்லிடாதீங்க. இதை எங்கயாவது தூக்கிப் போட்டுடுங்க. எனக்குக் காசே வேணாம்."

"அழாதம்மா. இது என் கடைக்கு ரெண்டாவது தடவையா வருது."

"ரெண்டாவது தடவையா?"

"நேத்து ஒரு பெரியவர் கொண்டுவந்தார். வண்டிக் காகிதம் இல்லாம தொடமாட்டேன்னேன். 'டிப்போவுல ஃபோர்மேனா இருந்தவன், என்கிட்டயே சட்டம் பேசறியா'ன்னு குதிச்சார். அப்புறம் பொலபொலன்னு அழுதார். போன்ல சீட்டாடி பென்ஷனெல்லாம் போச்சாம். பின்னாலயே அவர் மாப்பிள்ளை தேடிக்கிட்டு ஓடிவந்தார். பையை வாங்கிக்கிட்டு, 'விடுங்க மாமா, நான் பார்த்துக்கறேன், உங்க பொண்ணுக்குத் தெரிய வேணாம்'னு தோள்ல கைபோட்டுக் கூட்டிட்டுப் போனார். நல்ல மனுஷன். கையெல்லாம் வெல்டிங் தழும்பு."

அவள் அங்கேயே ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்துவிட்டாள். அந்த மனுஷனைப் போய்... சீ!

போன் அடித்தது. அப்பா.

"எங்கம்மா போனே? போலீஸ் வந்து நிக்குது. உன் புருஷன், நான்தான் அறுத்தேன்னு ஒத்துக்கிட்டான். பொருள் எங்கேன்னா வாயைத் திறக்க மாட்டேங்கறான். தெருவே வேடிக்கை பார்க்குது. திருட்டுப் பயலுக்கா பொண்ணைக் கொடுத்தேன்? என் மானமே போச்சும்மா!"

அவள் கடைக்காரரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் எழுந்து ஷட்டரை இழுத்தார்.

"அப்பா, அவங்களைக் கொஞ்சம் இருக்கச் சொல்லுங்க. பொருளை நான் கொண்டுவர்றேன். நேத்து அதை விக்கப் போன ஆளை அடையாளம் காட்ட, கடைக்காரரும் கூடவே வர்றார்."