பூட்டினால் வரும் சத்தம்

பழைய காரின் நான்கு கதவுப் பூட்டுகளையும் ரிமோட்டோடு இணைத்து முடித்த எலக்ட்ரீஷியன், ஒரு ஒயரைப் பிடித்தபடி கேட்டார்.

“அக்கா, பூட்டினா பீப்னு சத்தம் வரும். தலைவலின்னு எல்லாரும் எடுக்கச் சொல்வாங்க. எடுத்துரட்டுமா?”

“வேண்டாம் தம்பி. எங்க மாடி வரைக்கும் கேக்கணும். இன்னும் கூட்ட முடியுமா?”

“ஊரையே எழுப்பிரலாம். வண்டி யாரு ஓட்டுறது?”

“வீட்டுக்காரர். பிறந்தநாளுக்குக் குடுக்கப் போறேன்.”

“குடுத்துவச்ச மனுஷன். சத்தம் கேட்டதும் வாசலுக்கே ஓடி வந்துருவீங்க போல.”

அவள் சிரித்துவைத்தாள்.

மறுநாள் மாலை வாசலில் பீப் கேட்டது. மாடியில் மகள் புத்தகங்களைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுத் துடைப்பத்தை எடுத்தாள். அப்பா படியேறி வர நாற்பது நொடி ஆகும். அது போதும். போன வருடம் சாவியால் ஓசையில்லாமல் பூட்டிவிட்டு வந்துதான், “பொட்டப்பிள்ளைக்குப் பத்தாவது போதும்” என்று அத்தனை புத்தகத்தையும் எரித்தார். பள்ளிக்குப் போகாமல் தனியாக எழுதும் பரீட்சைக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது.

நான்கு நாள் பீப் கேட்டது. ஐந்தாம் நாள் அம்மாவும் மகளும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த நோட்டின்மேல் நிழல் விழுந்தது.

“ரிமோட்டு நல்லாத்தான் இருக்கு. சத்தம்தான் சகிக்கல. மாட்டுனவன்கிட்டயே குடுத்து எடுத்துட்டேன்” என்றார் அவர். “மாடி வரைக்கும் கேக்கணும்னு அக்கா ஆசையா வச்சதாச்சேன்னு அவன் ரொம்ப வருத்தப்பட்டான். மாடியில என்னன்னு பாக்க வந்தேன்.”