காக்கா என்ன பண்ணியது

தமிழாசிரியன் அறவாழிக்கு முன்னுரை இல்லாமல் மூச்சுகூட வராது என்பது அவன் அக்கா செங்கமலத்தின் தீர்மானம். பிள்ளைகளுக்குக் கட்டுரை சொல்லிக்கொடுத்துப் பழகியவன், உப்பு வாங்கிவந்த கதையைக்கூட சூரியனை உதிக்கவைத்துவிட்டுத்தான் தொடங்குவான்.

"கேக்கறவங்களக் கையப் புடிச்சு உள்ள இழுக்கணும்க்கா" என்பான்.

"இழுத்து எங்கடா கொண்டுபோய்த் தள்ளப்போற, மாட்டுக் கொட்டாய்லயா?" என்பாள் இவள்.

அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள் காலையில் அவன் போன் செய்தான்.

"அக்கா, கீழ்வானம் அப்பத்தான் வெளுத்துச்சு. ஜன்னலுக்கு வெளிய வேப்பமரத்துல ஒத்தக் காக்கா..."

"உன் காக்காயக் கொண்டுபோய்க் குப்பையில போடு. அம்மா எப்படி இருக்கா, அதச் சொல்லு."

"சொல்லத்தான்க்கா வர்றேன். அந்தக் காக்கா கத்தவே இல்ல. கிளை மட்டும் லேசா..."

அவன் குரல் உடைந்து நின்றது. இத்தனை வருஷத்தில் அவன் முன்னுரை பாதியில் நின்று அவள் கேட்டதே இல்லை. மறுபடி வாயைத் திறந்தால் நேரே விஷயத்துக்கு வந்துவிடுவான் என்று பட்டது. செங்கமலம் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"இருடா, அவசரப்படாத" என்றாள். "அந்தக் காக்கா அப்புறம் என்ன பண்ணுச்சு? மொதல்ல அதச் சொல்லு."