எலி வளைக்கு இடம் பார்த்த கொக்கு

மழைக்கு முன்னால் குட்டிகளுக்கு ஒரு புது வளை வேண்டுமென்று தாய் எலி தவித்துக்கொண்டிருந்தது. யோசனை சொல்லக் கொக்கும் மூஞ்சூறும் வந்து நின்றன.

“நான் வயலையே மொத்தமாப் பாக்குற ஆளு. வளை எங்க இருக்கணும்னு சொல்லுவேன். சில்லறை விசாரிப்பெல்லாம் நமக்கு ஆகாது” என்றது கொக்கு.

“விசாரிக்கிறதுதான் என் வேலை. யாருக்கு என்ன தேவைன்னு கேட்டு வந்துருவேன். இடமெல்லாம் பெரியவரு பாடு” என்றது மூஞ்சூறு.

கொக்கு ஒற்றைக்காலில் நின்று யோசித்து மேட்டு வரப்பைக் காட்டியது. மூஞ்சூறு ஊரெல்லாம் சுற்றிவிட்டு, வாசல் நல்ல அகலமாக வேண்டும் என்றது. எலியும் அப்படியே தோண்டி முடித்தது.

“எதுக்கு இம்புட்டு அகலம்?” என்று கேட்டது எலி.

“பக்கத்துப் பொந்துப் பாம்பு கேட்டாரு அக்கா. வந்துபோறவரு மனசும் கோணக்கூடாதில்ல?” என்றது மூஞ்சூறு.

எலி கொக்கின் பக்கம் திரும்பியது. “கொக்கண்ணே, பக்கத்துல பாம்பு இருக்கறது உமக்குத் தெரியாதா?”

“பொந்து தெரிஞ்சுது. உள்ள யாருன்னு பாக்குறது மூஞ்சூறு வேலையாச்சே!”

எலி குட்டிகளைக் கவ்விக்கொண்டு முள்வேலிக்குள் ஓடியது.

பாம்பு வந்து புது வளைக்குள் சுகமாகப் படுத்தது. “இடமும் அருமை, வாசலும் அருமை. உங்களை மாதிரி வேலைக்காரங்க கிடைப்பாங்களா!”

கொக்கும் மூஞ்சூறும் பூரித்துப்போய் நின்றன.