மேல்பலகைக் கரடி

நீராவிக் குளியலறையின் மேல்பலகையில் உட்கார்ந்துகொண்டு, "கதவைச் சாத்து, தண்ணியை ஊத்து" என்று காட்டையே அதட்டும் கரடி. குழந்தைகள் புத்தகத்துக்காக இர்மெலி அதைத் தன் புருஷன் தவுனோவைப் பார்த்துத்தான் எழுதினாள்.

படம் போடுவதும் அவன்தான். கண்டுபிடித்தால் வீடு இரண்டுபடும்.

படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "இது யாருன்னு தெரிஞ்சுபோச்சு."

"சும்மா கற்பனைதான்," என்றாள் அவசரமாக.

"எங்கிட்டயேவா? இருபது வருஷமாப் பாக்குற மூஞ்சி."

"கோவமில்லியே?"

"எனக்கென்ன கோவம்? உள்ளதைத்தானே எழுதியிருக்க."

இர்மெலிக்கு உயிர் வந்தது. இப்படியும் ஒரு தங்கமான மனுஷனா?

சனிக்கிழமை படத்தை நீட்டினான். மேல்பலகையில் கரடி. தலையில் இர்மெலியின் கொண்டை, மோவாயில் அவளுடைய மச்சம்.

"கண்ணாடி முன்னாடி உக்காந்துதானே எழுதின?" என்றான் தவுனோ.