பதினேழாம் ரகம்

இலையைக் கத்தரித்த கணமே ஓடினாள்.

பத்து விநாடி. அதற்குள் உறைய வைக்காவிட்டால், வெட்டுப்பட்ட காயத்தைப் பற்றி இலையின் மரபணுக்கள் புலம்ப ஆரம்பித்துவிடும். ஆராய்ச்சி மாணவியான அவளுக்கு வேண்டியது இலையின் தாகம் மட்டும்.

ஏழு. எட்டு.

திரவ நைட்ரஜன் குடுவைக்குள் இலை விழுந்தது. வெண்புகை முழங்கை வரை ஏறி வந்தது.

"ஒரு நெல்லு இலைக்கு இந்த ஓட்டமா தாயி? பஸ்ஸைப் பிடிக்கக்கூட நீங்க இப்படி ஓடுனதில்லையே!" என்றார் பசுமைக்குடில் காவலர் மாடக்கண்ணு.

அவள் சிரிக்கவில்லை.

தண்ணீரை நிறுத்தி இருபத்தோராம் நாள். நாற்பது ரக நெல். முப்பத்தொன்பதும் வைக்கோல்.

பதினேழாம் ரகம் மட்டும், ஆறு தொட்டிகளிலும், பச்சை.

குடிலுக்குள் வெயில் பாலாய்த் தேங்கி நின்றது. பதினேழின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கண் செருகியது.

வேர் சொல்லி அனுப்புகிறது: மண் காய்கிறது.

சேதி தண்டு வழியே ஏறுகிறது. இலையின் ஆயிரமாயிரம் வாய்கள் ஒவ்வொன்றாய் மூடுகின்றன. உள்ளே தூங்கிக்கொண்டிருந்த மரபணு ஒன்று எழுந்து விளக்கேற்றுகிறது. வேறொன்று தன் விளக்கை அணைத்துக்கொள்கிறது.

வளர்ந்தது போதும். பூப்பதெல்லாம் பிறகு. இப்போதைக்கு உயிரோடு இருந்தால் சரி.

இலை தன்னைத்தானே பாய் போலச் சுருட்டிக்கொள்கிறது.

அவள் கண் விழித்தபோது கன்னம் நனைந்திருந்தது.

முதல் நாளிலிருந்து சேர்த்த இலைகளில் எந்த மரபணு எப்போது விழித்தது என்ற வரைபடம் ஐந்து நாளில் வந்தது. ஆய்வு வழிகாட்டி ஞானசுந்தரி மேடத்துக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை.

"பாருடி! மத்ததுல எல்லாம் வறட்சியைத் தாங்குற மரபணு ஏழாம் நாள்தான் முழிக்குது. பதினேழுல முதல் நாளே முழிச்சிருச்சு. அன்னிக்கு மண்ணு இன்னும் ஈரம்தான். இதுக்கு யாருடி சொன்னா?"

மேசை நிறையப் பதினேழாம் ரக விதைப் பைகள். இருநூறு மானாவாரி விவசாயிகளுக்கு. அனுப்பும் கடிதத்துக்காக மேடம் பேனாவைத் திறந்தார்.

கையெழுத்து விழுந்தால் அவள் ஆய்வும் ஏற்கப்பட்ட மாதிரி; அவள் முனைவர்.

மழை பொய்த்தால் இருநூறு வயலும் கருகும்.

"போடாதீங்க மேடம்."

பேனா நின்றது.

"இது பிறவிக் குணம் இல்ல. ஏற்கெனவே ஒரு தடவை காய்ஞ்சு பிழைச்ச செடி. அந்த ஞாபகத்துலதான் முந்திக்குது. இந்தப் பையில இருக்கிற விதைக்கு அது இருக்கும்னு சொல்ல முடியாது."

"எப்ப காய்ஞ்சுது? நாத்துலேருந்து தினமும் தண்ணி விட்டதா நீதானே எழுதியிருக்கே?"

"பொய் மேடம். மத்ததுக்கெல்லாம் தானா தண்ணி சொட்டுற குழாய் இருந்துச்சு. ஓரத்துல இருந்த பதினேழுக்கு மட்டும் நான்தான் கையால ஊத்தணும். நாத்தா இருந்தப்ப ஒன்பது நாள் ஊத்தல."

"ஊருக்கு ஓடிட்டியாக்கும்?"

"இல்ல. விடுதியிலதான் இருந்தேன். கதவைச் சாத்திக்கிட்டு." அவள் விதைப் பைகளைப் பார்த்தாள். "எந்திரிக்கவே தோணல மேடம். தண்ணி குடிக்கக்கூட."

மேடம் பேனாவை மூடினார். வரைபடத்தைத் தள்ளி வைத்தார்.

"ஒன்பது நாளா?" என்றார், அவளை அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பவர் போல.